நூருத்தீன் ஃபாரா: ஊரில் இல்லாதவர் எழுதிய ஊரை எவ்வளவு நம்பலாம்?

சோமாலிய நாவலாசிரியர் நூருத்தீன் ஃபாராவின் வாழ்க்கையையும் எழுத்தையும் பற்றித் தமிழில் விளக்கமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "இருபது வருஷத்துக்கு மேல் ஊர்ப்பக்கமே போகாதவர் ஊரைப் பற்றி எழுதியதை எப்படி நம்புவது?" முதல் பாதிக்கு எந்தக் கலைக்களஞ்சியமும் பதில் சொல்லிவிடும். உங்களைக் குடைவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். கேரளத் தமிழக எல்லையில் இருக்கும் வண்ணாமடைக்காரர் என்று வேறு போட்டிருக்கிறீர்கள். வீட்டில் தமிழ், தாலுகா ஆபீஸில் மலையாளம், காலேஜில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவருக்கு இந்தக் கேள்வி சும்மா வராது.

நான் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆப்பிரிக்க நாவல் பாடம் வெகுநாள் என் பொறுப்பில் இருந்தது. எனக்குச் சோமாலி தெரியாது. ஆப்பிரிக்க மண்ணில் கால் வைத்ததும் இல்லை. ஃபாரா ஆங்கிலத்தில் எழுதுகிறவர் என்பதால் அவருடைய சொல்லை நேரடியாகப் படிக்க முடிந்தது, அவ்வளவுதான். என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் வீட்டுக்குள் நடப்பதை எழுதும்போது தாராளமாக நம்பலாம். தெருவில் நடப்பதை எழுதும்போது, அது எந்த வருஷத்துத் தெரு என்று பார்த்துக்கொண்டு நம்ப வேண்டும். இதில் வீட்டைப் பற்றிய பாதி எனக்கு உறுதி. தெருவைப் பற்றியது என் வாசிப்பு, நீங்கள் மறுக்கலாம்.

ஃபாரா 1945இல் பைதோவா என்ற ஊரில் பிறந்தார். அந்தப் பகுதி அதுவரை இத்தாலியக் காலனி, போரில் கைமாறி அப்போது பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தில் இருந்தது. (இதே பைதோவா வட்டாரத்தில்தான் 1993-94இல் ஐ.நா. படையோடு போன இந்தியப் பிரிகேட் நின்றது. நம் பத்திரிகைகளில் அந்த ஊர்ப் பெயர் அடிபட்டது அப்போதுதான்.) அப்பா வியாபாரி, பிரிட்டிஷாருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர். அம்மா வாய்மொழிக் கவிஞர். குடும்பம் ஓகாதேன் பகுதியில் இருந்த கல்லாஃபோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வாழ்கிறவர்கள் சோமாலிகள். ஆனால் 1948இல் பிரிட்டிஷார் அந்த நிலத்தை எத்தியோப்பியாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஆகவே பையன் வீட்டில் பேசியது சோமாலி, பள்ளியில் படித்தது அம்ஹாரிக், அரபி, ஆங்கிலம். சோமாலிக்கு அன்றைக்கு அரசு ஏற்ற எழுத்து வடிவமே கிடையாது. லத்தீன் எழுத்தை எடுத்துக்கொண்டது 1972இல்தான். அவர் ஏன் தாய்மொழியில் எழுதவில்லை என்று கேட்கிறவர்கள் இந்த வருஷக் கணக்கைக் கவனிக்க வேண்டும். முதல் நாவல் 1970இலேயே வந்துவிட்டது. எழுத்து வந்ததும் சோமாலியிலும் ஒரு தொடர்கதை தொடங்கத்தான் செய்தார். தணிக்கைக்காரர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

சோமாலியா 1960இல் சுதந்திரம் பெற்றது. 1963இல் எல்லைச் சண்டை முற்றியபோது குடும்பம் ஓகாதேனை விட்டுத் தலைநகர் மொகதிஷு பக்கம் நகர்ந்தது. கொஞ்ச நாள் கல்வி அமைச்சகத்தில் வேலை பார்த்துவிட்டு, 1966இல் நம் நாட்டுக்குத்தான் வந்தார். சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் இலக்கியமும் படித்தார். 'ஃப்ரம் எ குரூக்கட் ரிப்' என்ற முதல் நாவலை எழுதியது அங்கே மாணவராக இருந்தபோதுதான். கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று நாடோடிக் குடியிலிருந்து ஓடிவரும் எப்லா என்ற பெண்ணின் கதை. இருபது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை, ஊரைவிட்டு இவ்வளவு தூரத்தில், படிப்பறிவில்லாத ஒரு மேய்ச்சல்காரப் பெண்ணின் மனசுக்குள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஆக, அவருக்கு ஊரைத் தூரத்தில் இருந்து எழுதும் பழக்கம் நாடுகடந்த பிறகு வந்ததல்ல. முதல் புத்தகமே அப்படித்தான். உங்கள் கேள்விக்கு இது முக்கியம்.

அப்புறம் அரசியல். 1969 அக்டோபரில் சியாத் பார்ரே ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்தார். ஃபாரா திரும்பிப் போய்க் கொஞ்ச காலம் ஆசிரியராக இருந்துவிட்டு, 1974இல் நாடகம் படிக்க இங்கிலாந்து போனார். 1976இல் 'எ நேக்கட் நீடில்' வெளியானது. புரட்சிக்குப் பிந்திய மொகதிஷுவைக் கொஞ்சம் கிண்டலாகவே காட்டும் நாவல். ஊர் திரும்பும் வழியில் ரோமில் இறங்கி, விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போகச் சொல்ல அண்ணனுக்குப் போன் போட்டார். வராதே, சோமாலியாவைச் செத்துப் புதைத்ததாக நினைத்துக்கொள் என்பதுதான் கிடைத்த பதில். இதை அவரே எழுதியிருக்கிறார். அதன்பின் இத்தாலி, காம்பியா, நைஜீரியா, சூடான், உகாண்டா என்று வாழ்க்கை. மறுபடி சோமாலியாவில் கால் வைத்தது 1996இல். கிளம்பியதிலிருந்து கணக்குப் போட்டால் 22 வருஷம். நாட்டை எழுதியே உயிரோடு வைத்துக்கொள்ளப் பார்த்தேன் என்பதை அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அழகான வாசகம்தான், ஆனால் எழுத்தாளர் தன்னைப் பற்றிச் சொல்வதை நாம் அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நாவல்களைத் திறந்து பார்ப்போம்.

வெளியே இருந்து அவர் முதலில் எழுதியது சர்வாதிகாரத்தைப் பற்றிய மூன்று நாவல்கள்: 'ஸ்வீட் அண்ட் சவர் மில்க்' (1979), 'சார்டீன்ஸ்' (1981), 'க்ளோஸ் செசமே' (1983). முதலாவதில் சொயான், லொயான் என்ற இரட்டைப் பிள்ளைகள். சொயான் அரசாங்கத்தில் வேலை பார்ப்பவன், ரகசியமாக எதிர்ப்புக் குழுவில் இருந்தவன். திடீரென்று நோயாளியாகி, சகோதரன் கைகளில் செத்துப் போகிறான். அதன்பின் அரசாங்கம் அவனைப் புரட்சியின் தியாகி ஆக்கிவிடுகிறது. 'உழைப்பே கௌரவம், நம் ஜெனரலைத் தவிர வேறு ஜெனரல் இல்லை' என்று சொல்லித்தான் உயிரை விட்டானாம். 'அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை' என்ற கலிமாவின் வார்ப்பில் ஒரு கோஷம். அதற்குச் சாட்சி சொல்வது யார் தெரியுமா? பெற்ற அப்பா. கெய்னான் என்ற அந்த மனிதர் பழைய போலீஸ்காரர், வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளை அடித்து ஆள்பவர். லொயான் உண்மையைத் தோண்டப் போகும் இடமெல்லாம் அவனை மறிப்பது வெளியே இருக்கும் ஜெனரல் பாதி, வீட்டில் இருக்கும் அப்பா பாதி. இன்னொரு விஷயமும் அந்த நாவலில் என்னை உலுக்கியது. அங்கே உளவுத்துறை எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களை ஆள் சேர்க்கிறது. காதில் விழுந்ததை வாயால் சொன்னால் போதும். காகிதம் கிடையாது, கைதுக்குக் கணக்குக் கிடையாது. வாய்மொழி மரபுக்குப் பேர்போன ஒரு சமூகத்தில் அந்த மரபையே அரசாங்கம் வேவு பார்க்கத் திருப்பிவிட்டது என்று காட்டுகிறார்.

'சார்டீன்ஸ்'இல் மெதினா என்ற பத்திரிகையாளர். மாமியார் தன் பெண் குழந்தைக்குச் சுன்னத்துச் செய்துவிடுவாளோ என்று பயந்து வீட்டைவிட்டே வெளியேறுகிறாள். 'க்ளோஸ் செசமே'யில் தீரியே என்ற பெரியவர், இத்தாலியர் காலத்தில் சிறையில் இருந்தவர், தொழுகையாளி, ஆஸ்துமாக்காரர். மூன்றிலும் சிறைச்சாலையோ ராணுவ முகாமோ அதிகம் வராது. கூடம், படுக்கையறை, மருமகள் மாமியார், அப்பா பிள்ளை. கொடுங்கோன்மை மேலிருந்து இறங்கியதல்ல, வீட்டில் விளைந்துதான் மேலே போகிறது என்பது அவர் கட்சி. இதை எழுத அவருக்கு மொகதிஷுவின் அன்றைய பஸ் ரூட் தெரிய வேண்டியதில்லை. அப்பாவின் குரல் நினைவிருந்தால் போதும். அதனால்தான் வீட்டைப் பற்றி அவரை நம்பலாம் என்றேன்.

இனி 'மேப்ஸ்' (1986). இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச ஆசை, ஏனென்றால் நம் பக்கத்து வகுப்பறையில் இந்த நாவல் எடுபட்ட மாதிரி வேறெதுவும் எடுபடவில்லை. கதை நடப்பது ஃபாரா வளர்ந்த அதே கல்லாஃபோவில். அஸ்கர் என்ற கைக்குழந்தை, செத்துக் கிடக்கும் தாயின் பக்கத்தில் கண்டெடுக்கப்படுகிறான். எடுத்தவள் மிஸ்ரா, எத்தியோப்பியப் பகுதியிலிருந்து வந்தவள், ஓரொமோ இனத்தவள், அந்த ஊரில் வேலைக்காரி. சோமாலிப் பிள்ளையை அவள் தன் உடம்போடு ஒட்டவைத்தே வளர்க்கிறாள். 1977இல் ஓகாதேனுக்காகச் சோமாலியா போர் தொடுக்கிறது. சோவியத் யூனியன் எத்தியோப்பியா பக்கம் சாய, கியூபப் படைகளும் இறங்க, 1978 மார்ச்சில் சோமாலியா பின்வாங்குகிறது. அஸ்கர் அதற்குள் மொகதிஷுவில் மாமா வீட்டில். சுவரில் வரைபடம் மாட்டி வைத்துக்கொண்டு எந்த ஊர் யார் கையில் என்று குறித்துக்கொண்டிருக்கிறான். சோமாலியக் கொடியின் நட்சத்திரத்துக்கு ஐந்து முனை. சோமாலிகள் வாழும் ஐந்து நிலங்களுக்கு ஒவ்வொரு முனை. அதில் ஒன்று ஓகாதேன். பையனுக்கு அந்த முனையைச் சேர்த்தாக வேண்டும். வளர்த்தவளோ எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள். போதாக்குறைக்கு, சோமாலிப் போராளிகளை எதிரிக்குக் காட்டிக் கொடுத்தவள் என்று அவள்மேல் பழி விழுகிறது. செய்தாளா இல்லையா என்பதை நாவல் கடைசிவரை தீர்த்துச் சொல்லாது.

அஸ்கருக்கு அடையாள அட்டை வாங்கித் தரும் ஒரு கட்டம் வரும். பெயர், பிறந்த இடம், நாடு எல்லாம் இருக்கிறது. மிஸ்ராவின் பெயர் எங்கேயும் இல்லை. இந்த இடத்தை நடத்தும்போது வகுப்பில் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததில்லை. கொழிஞ்சாம்பாறையில் வீடும் பொள்ளாச்சியில் அம்மாச்சி வீடும் உள்ள பிள்ளைகள். 1956இல் மாநில எல்லைக் கோடு போட்டபோது செங்கோட்டை சென்னை மாநிலத்துக்குப் போனது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. நம் சித்தூர் பழைய கொச்சி ராஜ்யத்தோடு கேரளத்தில் வந்து சேர்ந்தது. ரேஷன் கார்டில் ஒரு மொழி, தாலாட்டில் ஒரு மொழி என்பது அந்தப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆனால் ஒத்துமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுவேன். வேலந்தாவளத்தில் இருப்பது செக்போஸ்ட். அங்கே பையைச் சோதிப்பார்கள். அஸ்கரின் எல்லையில் ஆளைப் பிணமாக்குவார்கள். நம் எல்லைப் பிரச்சினை ஆற்றுத் தண்ணீர், பள்ளிக்கூடம், பி.எஸ்.சி. தேர்வு மொழி. அதை ஓகாதேனோடு சமமாக வைத்தால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

'மேப்ஸ்' நாவலை ஒரு அத்தியாயம் 'நீ' என்றும், ஒரு அத்தியாயம் 'நான்' என்றும், இன்னொன்று 'அவன்' என்றும் சொல்லிக்கொண்டு போவார். வித்தைக்காகச் செய்தது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவில் போலீஸ் வந்து விசாரிக்க, அஸ்கர் சொல்லத் தொடங்கும் வாக்குமூலம்தான் நாம் படித்த கதை என்று விளங்கும்போது, ஒரே ஆள் குற்றவாளியாகவும் சாட்சியாகவும் நீதிபதியாகவும் பேச வேண்டிய கட்டாயம் புரியும்.

இதே வரிசையில் வந்த 'கிஃப்ட்ஸ்', மொகதிஷு பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் துனியாவின் கதை. வெளிநாட்டு உதவியை வாங்கியே பழகிப்போன நாட்டையும், யாரிடமும் சும்மா எதையும் வாங்க மறுக்கும் ஒரு பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். அவர் எழுதியதில் மனசுக்கு இதமான புத்தகம் இதுதான். 1998இல் 'சீக்ரெட்ஸ்' வந்தது. அதே வருஷம் நியூஸ்டாட் என்ற சர்வதேச இலக்கியப் பரிசும் கிடைத்தது. நோபல் பேச்சில் அவர் பெயர் வருஷா வருஷம் அடிபடுவதைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை.

1991 ஜனவரியில் பார்ரே ஓடிப்போனார். சர்வாதிகாரி போனால் நாடு மீளும் என்று எண்ணியவர்களுக்குக் கிடைத்தது குலச்சண்டை, பஞ்சம், அகதி முகாம். ஃபாராவின் சொந்தக் குடும்பமே கென்யாவின் மொம்பாசாவுக்கு ஓடியது. அங்கிருந்து தொடங்கிப் பல நாடுகளில் சோமாலி அகதிகளைச் சந்தித்துப் பேசி, 2000இல் 'யெஸ்டர்டே, டுமாரோ' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். நாவல் இல்லை, அகதிகளின் வாய்ப்பேச்சு. தெரு விஷயத்தில் அவரை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட விரும்பினால் இதைப் படியுங்கள். தன் குரலை அடக்கிக்கொண்டு பிறரைப் பேசவிட்டிருக்கிறார்.

1996க்குப் பிறகு எழுதிய மூன்று நாவல்களில் ஒரு மாற்றம் பளிச்சென்று தெரியும். 'லிங்க்ஸ்'இல் ஜீப்லே நியூயார்க்கிலிருந்து மொகதிஷு வருகிறான். 'நாட்ஸ்'இல் காம்பரா டொரண்டோவிலிருந்து வந்து, ஆயுதக் கும்பல் தலைவன் ஒருவன் பிடித்து வைத்திருக்கும் குடும்ப வீட்டை மீட்கப் பார்க்கிறாள். 'க்ராஸ்போன்ஸ்'இல் அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவில் சேர அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து ஓடிப்போன வளர்ப்பு மகனைத் தேடி ஒருவர் வருகிறார். எல்லாரும் வெளியிலிருந்து வருகிறவர்கள். யார் வீட்டில் தங்குவது, எந்தத் தெருவில் இறங்கலாம், காரோட்டி எந்தக் குலம் என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள். முன்பு வீட்டுக்காரராக எழுதியவர் இப்போது விருந்தாளியாக எழுதுகிறார். அதை மறைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. உள்ளூர்க்காரனாக வேஷம் கட்டாமல், வந்துபோகிறவனின் தடுமாற்றத்தையே கதையாக்கிவிட்டார். 1993 அக்டோபரில் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் மொகதிஷுவில் விழுந்த கதை உலகத்துக்கே தெரியும். தாழப் பறந்த ஹெலிகாப்டரால் அங்கே ஒரு குழந்தைக்கு நேர்ந்த கதியை 'லிங்க்ஸ்' சொல்கிறது. கடற்கொள்ளை என்றால் நம் பத்திரிகைகளில் பிணைக்கைதியான மாலுமிகளின் குடும்பத்துக் கண்ணீர் வரும்; அது நியாயம்தான். அந்தக் கடலில் அயல்நாட்டு இழுவைப் படகுகள் திருட்டு மீன்பிடிப்பு நடத்திய விவரம் 'க்ராஸ்போன்ஸ்'இல் வருகிறது.

குறையும் உண்டு. இந்தப் பிந்திய நாவல்களில் ஆட்கள் பேசுவது சில இடங்களில் கருத்தரங்குக் கட்டுரை மாதிரி இருக்கும். தகவல் சொல்வதற்காகவே ஒரு பாத்திரம் வாயைத் திறக்கும். மையப் பாத்திரங்கள் பெரும்பாலும் படித்த, பல நாடு சுற்றிய, நாலு மொழி தெரிந்த ஆட்கள். காசில்லாமல் மொகதிஷுவிலேயே தங்கிவிட்ட சாமானியனின் அன்றாடம் ஓரத்தில்தான் தெரிகிறது. இது நாடுகடந்து இருந்ததால் வந்ததா, அவருடைய வர்க்கத்தால் வந்ததா என்று கேட்டால், இரண்டாவது என்றுதான் சாய்வேன். ஏனென்றால் 'சார்டீன்ஸ்'இலும் அதே மாதிரி ஆட்கள்தான். ஆனால் எப்லாவையும் துனியாவையும் எழுதியவரும் இவரே என்பது என் வாதத்துக்கு இடிக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

2014 ஜனவரியில் காபூலில் உணவு விடுதி ஒன்றின் மேல் நடந்த தாக்குதலில், ஐ.நா. பணியில் இருந்த அவருடைய சகோதரி கொல்லப்பட்டார். அதே வருஷம் வெளிவந்த 'ஹைடிங் இன் ப்ளெய்ன் சைட்' நாவலும், மொகதிஷுவில் ஐ.நா. ஊழியர் ஒருவர் தாக்குதலில் சாவதில்தான் தொடங்குகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாவல் எழுதி அச்சாக எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை யோசித்துவிட்டு அதை ஏற்பதா என்று முடிவு செய்யுங்கள். 2018இல் வந்த 'நார்த் ஆஃப் டான்' நார்வேயில் நடக்கிறது. ஜிஹாதியாகிச் செத்த மகனின் மனைவியும் அவள் பிள்ளைகளும் ஆஸ்லோவில் இருக்கும் அவனுடைய பெற்றோரிடம் வந்து சேர்கிறார்கள். கதை சோமாலியாவை விட்டே வெளியே வந்துவிட்டது, ஆனால் மறுபடி ஒரு வீட்டுக்குள் போய்விட்டது. அவர் பலம் அங்கேதான் என்பதால் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

படிக்க உட்கார்ந்தால் 'ஃப்ரம் எ குரூக்கட் ரிப்'பில் ஆரம்பியுங்கள். சின்னப் புத்தகம், நேரான நடை, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அடுத்து 'ஸ்வீட் அண்ட் சவர் மில்க்'. அதன்பின் 'மேப்ஸ்'; முதல் ஐம்பது பக்கம் படுத்தும், விட்டுவிடாதீர்கள். 'சீக்ரெட்ஸ்'இல் உடல் சார்ந்த விஷயங்கள் பச்சையாக வரும், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். ஆய்வுக்காகப் படிப்பதாக இருந்தால் 'மேப்ஸ்', 'லிங்க்ஸ்' இரண்டையும் சேர்த்து எடுங்கள். இரண்டிலும் மொகதிஷு வருகிறது: ஒன்று போகாமல் எழுதியது, மற்றது போய்வந்து எழுதியது. உங்கள் கேள்வியை அந்த இரண்டு மொகதிஷுவிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். என் பதிலோடு ஒத்துப்போகவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள்.